மூன்று கைக்குமேல் போகாத செய்தி

எங்கள் சங்கத்தில் மொத்தம் மூன்று பேர். மூன்று பேரும் தலைவர்கள். செயலாளர் இல்லை, பொருளாளர் இல்லை, சாதாரண உறுப்பினர் என்று காட்டுவதற்கு ஒரு ஈ காக்கை இல்லை. சங்கம் என்பதும் நாங்களாக வைத்துக்கொண்ட பெயர்தான். என் மனைவி அதற்கு வேறொரு பெயர் வைத்திருந்தாள். அதை அச்சில் போட முடியாது.

விசயம் இவ்வளவுதான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி, அதன் தலையில் விரல் நீளத்துக்கு ஒரு ஏரியல். போனோடு அதை இணைத்துவிட்டால் சிம் தேவையில்லை, டவர் தேவையில்லை, இன்டர்நெட் தேவையில்லை. ஒரு பெட்டி அனுப்பும் எழுத்துச் செய்தியை இன்னொரு பெட்டி காற்றில் பிடித்து அடுத்த பெட்டிக்குக் கொடுக்கும். அது அதற்கடுத்ததற்குக் கொடுக்கும். குரல் போகாது, படம் போகாது, சின்னச் சின்ன வரிகள் போகும். அதிலும் நமது எழுத்துகள் இந்த மெசினுக்குள் ஆங்கிலத்தைவிட மூன்று மடங்கு இடம் பிடிக்கும். தமிழில் எழுதுகிறவன் ‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கினால் விசயத்துக்கு இடமிருக்காது.

இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு மறுமொழி தயாராக வைத்திருந்தேன். புயல் வரும், டவர் சரியும், கரன்ட் போகும், ஊரே வாயடைத்து நிற்கும். அப்போது நாங்கள் மட்டும் கதைத்துக்கொண்டிருப்போம். யாரோடு கதைப்பீர்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குத்தான் மறுமொழி இருக்கவில்லை. பிறகு புயல் வந்தே விட்டது. என் மனைவி அப்போது கிளிவெட்டியில் தகப்பன் வீட்டில் இருந்தாள், சுற்றிவர வெள்ளம். அவள் இருக்கிறாளா இல்லையா என்று எனக்குச் சொல்லக்கூடியதாக உலகத்தில் மிஞ்சியிருந்தது இந்த மூன்று தலைவர்களின் சங்கம் ஒன்றுதான்.

முதலில் தலைவர்களைச் சொல்லிவிடுகிறேன். ஒருவன் நான். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். உவர்மலையின் காலடியில், பள்ளத்தில் வீடு. கனடாவில் இருக்கும் மச்சான் இரண்டு பெட்டிகளை அனுப்பி இந்த வியாதியை எனக்குத் தொற்றவைத்தான். நான் கேட்டது ஒரு நல்ல போன்.

இரண்டாமவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். உவர்மலையின் உச்சியில், உள்துறைமுகமும் வெளிக் குடாவும் தெரியும்படியான வீடு. வாழ்நாள் முழுக்க ஊரார் காணியை அளந்தவர். ஓய்வுக்குப் பிறகு அளக்க ஒன்றும் அகப்படாமல் மனிதர்களை அளக்கத் தொடங்கினார். அவருடைய கணக்கில் நான் எப்போதும் சில அங்குலம் குறைவு.

மூன்றாமவர் கொட்டியாரக் குடாவுக்கு அந்தப்பக்கம், மூதூரில் மோட்டார் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணர், எங்கள் பேச்சில் நானா. ஒரு பின்னேரம் யாரென்றே தெரியாத ஒரு பெயர் கடலுக்கு அப்பாலிருந்து என் போன் திரையில் வந்து விழுந்தது. அது அவர். நான் சந்தோசத்தில் போட்ட கூச்சலுக்கு மனைவி குசினியிலிருந்து அகப்பையோடு ஓடிவந்தாள். யாருக்கு என்ன நடந்தது என்று கேட்டாள். மூதூரில் ஒருவர் இருக்கிறார் என்றேன். மூதூரில் ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

பெட்டிக்கு ஒரு சுருக்கப் பெயர் வைக்கவேண்டும். ஆங்கிலத்தில் என்றால் நாலு எழுத்துப் போடலாம். தமிழில் ஒன்றே ஒன்றுதான் அடங்கும், அதுவும் கொம்பு, கால், விசிறி ஒன்றுமில்லாத மொட்டை எழுத்து. நில அளவையாளர் வேறு யாரும் எடுப்பதற்கு முன்னால் ‘அ’வை எடுத்துக்கொண்டார். நானா ‘ம’. நான் ‘க’. மச்சான் அனுப்பிய இரண்டாவது பெட்டியை மனைவியிடம் கொடுத்து, அதற்குரிய செயலியைப் போனிலும் ஏற்றிக்கொடுத்து, பெயர் என்ன வைக்க என்று கேட்டபோது அவள் யோசிக்காமல் ‘ஃ’ என்றாள். உங்கள் ஒருவரோடும் சேர எனக்கு விருப்பமில்லை என்றும் சொன்னாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிப்பவள். அந்தப் பெட்டி அவளுடைய மேசையில் விடைத்தாள்கள் பறக்காமல் இருக்கப் பாரமாகப் பயன்பட்டது.

கூரையில் நான் கம்பம் நட்டதும் அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்த ஊரில் கூரையில் ஒரு கம்பி நீட்டினால் என்ன கேள்விகள் வரும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்டாள். அவள் சொன்னபடியே ஒருநாள் சீருடை இல்லாத ஒருவர் வந்து, மிகவும் மரியாதையாக, மேலே இருப்பது என்ன என்று விசாரித்தார். நான் அலைவரிசை, பொழுதுபோக்கு, அனர்த்த முகாமைத்துவம் என்று நீட்டி முழக்கினேன். அவள் வாசலுக்கு வந்து, கம்பத்தைக் கொண்டுபோவதென்றால் ஆளையும் சேர்த்துக் கொண்டுபோகும்படி அவரிடம் கேட்டுக்கொண்டாள். மனிதர் சிரித்துத் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். பிறகு வரவில்லை.

ஒவ்வொரு பின்னேரமும் நாங்கள் மூவரும் பொது வரிசையில் ஆஜராவோம். பொது வரிசை என்றால் எல்லாப் பெட்டிக்கும் தெரியும் திறந்த இடம். வேண்டுமானால் ஒருவருக்கு மட்டும் தனிச் செய்தியும் எழுதலாம், இடையில் கைமாற்றும் பெட்டிக்குக்கூட அது விளங்காது. ஆனால் எங்களிடம் மறைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. நானா ‘இருக்கிறீங்களா’ என்பார். நில அளவையாளர் ‘ஓம்’ என்பார். நான் ‘ஓம், பற்றி தொண்ணூறு வீதம்’ என்பேன். பிறகு மூன்று பேரும் அவரவர் பெட்டியின் பற்றி, அதாவது பட்டரி, எத்தனை வீதம் என்று சொல்வோம். மழை பெய்தால் மழை என்போம். மூன்று இடத்திலும் ஒரே மழைதான். இதற்கு ஒரு மிஸ்ட் கோல் காணாதா என்று மனைவி கேட்பாள். உண்மையில் அதுவே போதும்.

இனிச் சண்டைக்கு வருகிறேன். பெட்டியை அமைக்கும்போது அது ஒரு கேள்வி கேட்கும்: நீ சாதாரண ஆளா, ரவுட்டரா? சாதாரண ஆள் தேவையென்றால் மட்டும் செய்தியைக் கைமாற்றுவான். வேறு யாராவது முந்திக்கொண்டால் வாயை மூடிக்கொண்டிருப்பான். ரவுட்டர் அப்படியல்ல. தன் காதில் எது விழுந்தாலும் முந்திக்கொண்டு திருப்பிச் சொல்வான், வேறு யார் சொன்னாலும் தானும் ஒருமுறை சொல்வான். எங்கள் ஊர்க் கூட்டங்களில் மைக்கைப் பிடிப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு பதவி இருக்கிறது என்று தெரிந்த பிறகு யார்தான் சாதாரண ஆளாக இருப்பான்? மூன்று பேரும் ரவுட்டர் ஆனோம். நானா ஒருபடி மேலே போனார். கடையில் ஒன்று, வீட்டுக் கூரையில் ஒன்று, மச்சினன் வீட்டு மாடியில் ஒன்று என மூன்று பெட்டி பூட்டி, மூன்றையும் ரவுட்டர் ஆக்கினார். மூன்றும் ஒரே தெரு.

இதில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு செய்தி மூன்று கை மாறலாம். அதற்கடுத்த பெட்டி அதை வாசிக்கும், ஆனால் வேறு யாருக்கும் கொடுக்காது. இல்லாவிட்டால் ஒரே செய்தி ஊரைச் சுற்றிச் சுற்றிக் காற்றை அடைத்துவிடும். நானா கடையிலிருந்து எழுதினால், அது அவருடைய மற்ற இரண்டு பெட்டியிலும் கைமாறி, மலையுச்சியில் மூன்றாம் கையாக மாறி, பள்ளத்தில் இருக்கும் என்னிடம் வந்து சேரும். மட்டுமட்டாகத்தான், ஆனால் வந்துவிடும். ஆகவே யாரும் இறங்கவில்லை.

நில அளவையாளருக்கு மட்டும் இது உறுத்தியது. ஒரு பின்னேரம் பொது வரிசையில் எழுதினார்: உயரத்தில் இருக்கும் தான் மட்டும் ரவுட்டராக இருந்தால் போதும், நானா இரண்டு பெட்டியைச் சாதாரணமாக்கலாம், நானும் பதவி இறங்கலாம். அதுவரை சரி. மனிதர் அதோடு நிற்காமல், பள்ளத்தில் குந்தியிருப்பவர் மைக் பிடித்து என்ன பிரயோசனம் என்றும் எழுதிவிட்டார். நானா ஒரு சிரிப்புப் படம் போட்டார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அந்தச் செயலியில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. ஒருவரின் பெயரை அழுத்திப் பிடித்து ‘புறக்கணி’ என்று கொடுத்துவிட்டால், அவர் எழுதும் ஒரு சொல்கூட நம்மிடம் வராது. மற்றவர்களின் செய்தியை அவருடைய பெட்டி வழக்கம்போல் கொண்டுவந்து தரும், ஆனால் அவர் சொந்தமாக வாய் திறந்தால் நமக்குக் கேட்காது. உறவினர்களுக்கும் இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் கலியாண வீடுகளுக்கு நிம்மதியாகப் போய் வரலாம். நான் நில அளவையாளரின் பெயரை அழுத்தினேன். அன்றிலிருந்து வீட்டில் அவரைப் பற்றிய பேச்சு வந்தால் விசரன், அதாவது பைத்தியக்காரன், என்றுதான் சொல்வேன். இன்றைக்கும் சொல்வேன், அவர் சொன்ன விசயம் சரி, சொன்ன விதம் பிழை. அந்தப் புறக்கணிப்பில் நான் அனுபவித்த அமைதியும் உண்மையான அமைதி.

கார்த்திகை மாதம் மழை கொட்டத் தொடங்கியது. குடாவுக்கு அந்தப்பக்கம், மூதூருக்கும் அப்பால் இருக்கும் கிளிவெட்டியில் மாமனார் தனிக்கட்டை. விதைத்த வயலும் ஒரு பசுவும்தான் அவருக்கு உலகம். புயல் வருகிறது, திருகோணமலைக்கு வந்து இருங்கள் என்று சொன்னதற்கு, பசுவை எந்தக் கதிரையில் இருத்துவீர்கள் என்று கேட்டார். மனைவி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அவரைத் தூக்கி வருவதற்குப் புறப்பட்டாள். நான் பின்னால் ஓடி அந்தப் பெட்டியை அவளுடைய பையில் வைத்தேன். கொண்டுபோகமாட்டேன் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவின் வெற்றிலைத் தட்டத்துக்குப் பாரம் வைக்க உதவும் என்று எடுத்துக்கொண்டாள். சோலார் தகடு பொருத்திய ஒரு சார்ஜரையும் வைத்தேன்.

அவள் போய்ச் சேர்ந்ததாகப் போன் எடுத்தாள். அதுதான் கடைசி அழைப்பு. காற்று எழும்பியது. வேம்பு, வாகை என்று பார்க்காமல் தெருவுக்குத் தெரு விழுந்தன. கரன்ட் போனது. கொஞ்ச நேரத்தில் போனில் டவரும் போனது. மகாவலி கரை உடைத்து வருகிறது, கிண்ணியாவைத் தாண்டினால் றோட்டே இல்லை என்று ஆட்கள் சொன்னார்கள். மழை சற்று ஓய்ந்த நேரத்தில் பேக்கரி வாசலில் நின்றவர்களிடம் கிளிவெட்டிக் கதை கேட்டேன். ஒருவர் முழங்கால் அளவு என்றார். இன்னொருவர் கூரை மட்டம் என்றார். மூன்றாமவர், அந்தப் பக்கம் போன படகொன்று திரும்பவில்லை என்றார். பாண் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

எங்கள் சங்கத்தின் லட்சணம் அப்போதுதான் தெரிந்தது. பெட்டிகளுக்கெல்லாம் சூரியத் தகடு பூட்டிய தலைவர்கள் ஒருவரும் போனுக்கு ஒரு வழி செய்யவில்லை. எனக்கிருந்த ஒரேயொரு சார்ஜரும் கிளிவெட்டிக்குப் போய்விட்டது. போன் இல்லாவிட்டால் பெட்டி ஊமை. கைமாற்றும், ஆனால் வாசித்துக் காட்டாது. நானாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: ‘கடைக்குள்ள தண்ணி. போன் சாகப் போகுது. துஆ செய்யுங்க.’ பிறகு நானா இல்லை. அவருடைய மூன்று பெட்டிகளின் பெயர்கள் மட்டும் என் திரையில் உயிரோடு இருந்தன. நான் அடுத்த வீட்டு முச்சக்கர வண்டியில் என் போனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் செய்துகொண்டேன். அதற்கும் பெற்றோல் முடிந்தது.

அவளுக்கு எழுதினேன். பொது வரிசையில் அல்ல, தனிச் செய்தியாக. மலையுச்சியில் இருக்கும் அந்த ஆள் என் பயத்தை வாசித்துச் சந்தோசப்படக்கூடாது என்று நினைத்தேன். ‘எங்க இருக்கிறாய்?’ ‘அப்பா சுகமா?’ ‘ஒரு எழுத்தாவது போடு.’ ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சரி அடையாளம் விழுந்தது. அதன் அர்த்தம் எனக்குத் தெரியும்: யாரோ ஒரு பெட்டி வாங்கிக் கைமாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். அவள் வாசித்தாள் என்று அர்த்தமில்லை. தெரிந்தும் அந்த அடையாளத்தைக் கண்ட ஒவ்வொரு முறையும், அவளிடம் போய்விட்டது, அவள்தான் பதில் எழுதமுடியாத நிலையில் இருக்கிறாள் என்று என் மனம் கணக்குப் போட்டது. அன்று முழுக்க அப்படியே இருந்தேன். பயத்தோடு கோபமும் வந்தது. அவள்மீது, மாமனார்மீது, அந்தப் பசுமீது.

அடுத்த நாள் காலையில் மழை தூறலாக இருந்தது. பெட்டியையும் போனையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு மலை ஏறினேன். நில அளவையாளரைப் பார்க்க அல்ல. உயரத்துக்குப் போனால் மூதூர்ப் பெட்டிகள் என் பெட்டிக்கு நேரடியாகக் கேட்கும், அவள் எழுதினால் பிடித்துவிடலாம் என்பது என் எண்ணம். பாதை நடுவில் ஒரு பெரிய வாகை குறுக்கே விழுந்திருந்தது. அதன் கிளைகளுக்குள் புகுந்து சட்டையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தேன். குடா நன்றாகத் தெரியும் இடம் அவருடைய மதிலுக்கு வெளியேதான் என்றால் நான் என்ன செய்ய? அங்கே நின்று பொலித்தீனை அவிழ்த்தேன். போன் செத்திருந்தது.

மதிலுக்கு உள்ளே, கார் நிறுத்தும் கொட்டிலில் இரண்டு மான்கள் மழைக்கு ஒதுங்கி நின்று என்னைப் பார்த்தன. அவற்றுக்குப் பின்னால், நான் அன்ரி என்று கூப்பிடும் நில அளவையாளரின் மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தா.

“ஐயோ தம்பி, நீங்கள் இருக்கிறீங்களா?” என்றா. “உங்கட மனுசி நேற்றையில இருந்து எழுதுது. உள்ள வாங்கோ.”

மனுசி எழுதுது என்ற இரண்டு சொல்லையும் பிடித்துக்கொண்டு மான்களுக்கு நடுவால் உள்ளே போனேன். நில அளவையாளர் விறாந்தைக் கதிரையில் ஒரு காலை முக்காலியில் நீட்டியபடி இருந்தார். முழங்காலில் துணி சுற்றியிருந்தது, சாரத்தில் சேறு. காருடைய பற்றியைக் கழற்றிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து அதில் போனைச் சொருகியிருந்தார். எங்கள் மூவரில் அந்த அளவு மூளை அவருக்குத்தான் இருந்திருக்கிறது. போனைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.

பொது வரிசை. ‘ஃ’ எழுதியிருந்தாள். ‘வீட்டுக்குள்ள தண்ணி. நானும் அப்பாவும் பள்ளிக்கூட மாடியில. சுகம். அவருக்குச் சொல்லுங்கோ.’ அதற்குக் கீழே அவள் மறுபடி: ‘பசுவையும் மாடிக்கு ஏத்தியாச்சு.’ நான் அந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தேன். அன்ரி என்னைப் பயத்தோடு பார்த்தா.

மீதியை வாசித்தேன். நில அளவையாளர் என் எழுத்தைப் போட்டு எனக்கு எழுதியிருந்தார்: ‘க, உமது மனைவி பள்ளிக்கூட மாடியில். சுகம்.’ மறுபடி அதையே. மறுபடியும் அதையே. ஒவ்வொன்றுக்கும் சரி அடையாளம். அவளுடைய செய்தி நானாவின் தெருவிலேயே மூன்று கையும் மாறி முடிந்து, கடலைத் தாண்டி மலையுச்சிக்கு வந்து, அதற்குமேல் கைமாற அனுமதி இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டது. நான் அவளுக்கு எழுதியவை எதிர்ப்பக்கத்தில் அதே தெருவில் தீர்ந்துபோயின. அதை உணர்ந்த மனிதர் தன் சொந்தப் பெயரில், புதுச் செய்தியாக, எனக்குத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். ஒன்றுகூட எனக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

“எனக்கு ஒண்டும் வரேல்ல. மெசின் பிழை போல,” என்றேன்.

“அப்பிடித்தான் இருக்கும்,” என்றார் அவர், கடலைப் பார்த்துக்கொண்டு.

அதற்குக் கீழே இருந்ததை வாசிக்கும்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது. அவள் அவரிடம் கேட்டிருந்தாள்: ‘அவர் என்ன சொன்னவர்?’ அவர்: ‘பதில் இல்லை.’ அவள்: ‘வாசிச்சவரா?’ அவர்: ‘அவருடைய பெட்டி உயிரோடு இருக்கிறது. ஆளைத் தெரியாது.’ கணக்காக எழுதும் மனிதர், பொய் எழுத மாட்டார். பிறகு அவள்: ‘அவர் பேசாம இருக்கிற ஆள் இல்லை ஐயா. என்னவோ நடந்திட்டுது.’ பிறகு: ‘வீட்டுக்குப் பின்னால மா நிக்குது. அது விழுந்திட்டுதோ தெரியாது.’ பிறகு: ‘ஒருக்கா ஆரையும் அனுப்பிப் பாருங்கோ.’ நான் பள்ளத்தில் இருந்து அவளை வெள்ளத்தில் மூழ்கடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அவள் ஒரு பள்ளிக்கூட மாடியில், ஒரு கிழவனுக்கும் பசுவுக்கும் நடுவில் இருந்து, என்னை மாமரத்துக்கு அடியில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவர் தானே வந்து பார்க்கப் புறப்பட்டிருக்கிறார். அன்ரிதான் சொன்னா. காலையில் குடையோடு இறங்கியவர், அந்த வாகையைத் தாண்டப்போய் வழுக்கி விழுந்து, முழங்காலைக் கிழித்துக்கொண்டு அரை வழியில் திரும்பியிருக்கிறார். நான் எதிரே ஏறி வருவதற்குச் சற்று முன்னால்தான். அன்ரி சீனி போடாத தேத்தண்ணீர் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தா. அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் நீரிழிவு, எங்கள் பேச்சில் சீனி வருத்தம்.

என் போன் சார்ஜ் ஏறும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. அவருடைய போனில் எழுதினேன். ‘நான்தான். சுகம். மரம் விழேல்ல. போன் செத்துப்போச்சு. நீ பயப்படாத.’ அனுப்பிவிட்டு மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சரி அடையாளம் விழுந்தது. நான் அதை நம்பத் தயாராக இருக்கவில்லை. குடாவில் மழை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அவளுடைய பதில் வந்தது.

‘ஐயா, அவர் இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ. நான் தாங்குவன். அவர்மாதிரி எழுத வேண்டாம்.’

அதை நான் எத்தனை முறை வாசித்தேனோ தெரியாது. அன்ரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. அது என்னுடைய பெட்டி அல்ல, அவருடையது. செய்தியின் தலையில் ‘அ’ என்றுதான் விழும். ‘நான்தான்’ என்று யாரும் எழுதலாம். ஒரு நல்ல மனிதர், தாங்கமுடியாத ஒருத்தியை ஆற்றுவதற்கு அப்படித்தான் எழுதுவார். நான் செத்துவிட்டேன் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள், அதைத் தாங்குவேன் என்றும் எழுதிவிட்டாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு என்ன அத்தாட்சி கொடுப்பது? எங்கள் கலியாணத்து விசயங்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் அறிந்த விசயங்கள் என்று பலதும் ஓடின. எல்லாம் அழுகை வரக்கூடியவை. அழுகிறமாதிரி எழுதினால் அவள் இன்னும் நம்பமாட்டாள். நான் அப்படி எழுதுகிற ஆளே இல்லை.

கடைசியில் தட்டினேன்: ‘உச்சியில இருக்கிற விசரன்ர வீட்டில இருக்கிறன். தேத்தண்ணி வாயில வைக்க ஏலாது.’

அனுப்பவில்லை. விரலை மேலே பிடித்துக்கொண்டிருந்தேன். போன் அவருடையது, வீடு அவருடையது, கிழிந்த முழங்காலும் அவருடையது. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, எழுத்தெழுத்தாக வாசித்தார். காணி உறுதி வாசிப்பதுபோல் ஆறுதலாக வாசித்தார்.

“விசரனுக்கு முன்னால ‘பெரிய’ எண்டு போடும்,” என்றார். “அப்பதான் நம்புவா. இடம் இருக்கு.”

போட்டேன். அனுப்பினேன்.

மூதூரில் நானாவின் கடைக்குள் தண்ணீர் நின்றது. அவர் எங்கே போனார் என்று தெரியாது. மச்சினன் வீட்டு மாடியில் யாரும் இருந்தார்களோ தெரியாது. அந்தத் தெருவின் மூன்று பெட்டிகளும் ஆள் இல்லாமல், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, ஒன்றும் விளங்காமல், நான் எழுதிய வசவைக் கைமாற்றிக் கொடுத்திருக்கும். நாங்கள் காத்திருந்தோம். அன்ரி ஏதோ மந்திரம் முணுமுணுத்தா. நில அளவையாளர் பற்றி வயரை ஒருமுறை அழுத்திவிட்டார்.

‘ஓம். அவர்தான்,’ என்று வந்தது.

பிறகு இன்னொன்று வந்தது. ‘இப்ப அழுவார் ஐயா. அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கச் சொல்லுங்கோ.’

நான் அதை வாசிக்கவில்லை. அவர்தான் வாசித்துச் சொன்னார். எனக்குத் திரை தெரியவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.